ஜெர்மன் போர் விமான மாடலுக்கு கேமோ அடிக்கிறதும் டெக்கல் ஒட்டுறதும்: புதுசா வர்றவங்களுக்கு

ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஃபைட்டரான மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 கிட் ஒண்ணு வாங்கி டப்பாவத் திறந்தீங்கன்னா பிளாஸ்டிக் பாகங்கள் பயமுறுத்தாது, வெட்டி ஒட்டினா ஒட்டிக்கும். பயமுறுத்துறது அடியில கிடக்குற ரெண்டு தாள்தான். ஒண்ணு டெக்கல் ஷீட், அதாவது தண்ணியில நனைச்சு மாடல் மேல ஒட்டுற அச்சுத் துண்டுகள், அதுல சிலுவை, நம்பர், லென்ஸ் வச்சுப் பாக்க வேண்டிய எழுத்துன்னு ஏகப்பட்ட துண்டு இருக்கும். இன்னொண்ணு கலர் சார்ட், அதுல ஆர்எல்எம் 74, 75, 76-ன்னு வெறும் நம்பராப் போட்டு, விமானத்தோட பக்கவாட்டுல புள்ளி புள்ளியா ஏதோ தெளிச்ச மாதிரி ஒரு படம் இருக்கும், அந்த உருமறைப்புக் கலர்தான் கேமோ. இந்த ரெண்டு தாளையும் எப்படிக் கையாளுறதுன்னு மட்டும்தான் இதுல சொல்லப்போறேன், கிட் பாகங்கள எப்படி ஒட்டுறதுங்கறது தனிக் கதை.

உதாரணத்துக்கு 1943 நடுவுல பறந்த ஒரு பிஎஃப் 109 ஜி-6-ன்னு வச்சுக்குவோம். எடுவார்ட், டமியான்னு ரெண்டு கிட் கம்பெனியுமே 1/48 ஸ்கேல்ல (நிஜத்துல 48-ல ஒரு பங்கு) இத நல்லாவே போட்டிருக்காங்க. நிஜ விமானத்தோட இறக்கை நீளம் 9.92 மீட்டர், 1/48-ல அது 20 செ.மீ.-க்குக் கொஞ்சம் மேல வரும், 1/72-ல 14 செ.மீ. கூட வராது. விலை கம்மின்னு எல்லாரும் 1/72-லதான் ஆரம்பிப்பாங்க, தப்பில்ல, ஆனா ஜெர்மன் ஃபைட்டர்ல புள்ளி கேமோ அடிக்கணும்னா சின்ன ஸ்கேல் ரொம்ப சிரமம். முடிஞ்சா 1/48 எடுங்க.

பெயின்ட் வாங்கறதுக்கு முன்னாடி தேதிய முடிவு பண்ணுங்க

புதுசா வர்றவங்க "ஜெர்மன் விமானத்துக்கு என்ன கலர்?"-னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த விமானம், எந்த வருஷம், எந்த யூனிட், எந்தப் போர்முனைன்னு நாலும் தெரிஞ்சாத்தான் கலர் என்னன்னு சொல்ல முடியும், டெக்கலும் அதே நாலையும் வச்சுத்தான் மாறும். ஒரே பிஎஃப் 109, 1939-ல மேல முழுக்கக் கரும்பச்சையா இருந்துச்சு, 1940-ல பக்கவாட்டெல்லாம் வெளிர் நீலம், 1942-ல லிபியாவுல மணல் கலர், 1943-ல சாம்பல், 1945-ல பச்சையும் பழுப்பும். டப்பாவுல இருக்குற டெக்கல் ஷீட்ல நாலஞ்சு விமானத்துக்கு மார்க்கிங் குடுத்திருப்பான், அதுல ஒண்ண மட்டும் எடுத்து பேனாவால வட்டம் போட்டுட்டு, மத்ததெல்லாம் மறந்துடுங்க. இதோட சிலுவையும் அதோட நம்பரும் சேத்து ஒட்டினா அப்படி ஒரு விமானம் உலகத்துல இருந்ததே இல்லன்னு ஆகிடும்.

இந்த நம்பர்லாம் என்னன்னு பாத்துடுவோம். ஆர்எல்எம்-ங்கறது ரைஷ்ஸ்லுஃப்ட்ஃபார்ட்மினிஸ்டீரியம், அதாவது அப்போதைய ஜெர்மன் விமான அமைச்சகம். அவங்கதான் ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் குடுத்தாங்க. போர் ஆரம்பிச்சப்போ ஃபைட்டருக்கும் சரி பாம்பருக்கும் சரி மேல 70 கரும்பச்சை, 71 அடர் பச்சை, கீழ 65 வெளிர் நீலம். மேல இருக்குற ரெண்டு பச்சையும் நேர்கோட்டுல உடைஞ்சு உடைஞ்சு வரும், இத ஸ்ப்ளின்டர் பேட்டர்ன்னு சொல்லுவாங்க. ஸ்டூக்கா, ஹைன்கெல் 111, யுங்கர்ஸ் 88 மாதிரி பாம்பர்களுக்குப் போரோட பெரும்பகுதி இதேதான் ஓடுச்சு, அதனால பாம்பர் கட்டுறவங்களுக்குத் தலைவலி கம்மி. (70-க்கும் 71-க்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி, பழைய கருப்பு வெள்ளை ஃபோட்டோவுல பல சமயம் ஒரே கலர் மாதிரித்தான் தெரியும். உங்க மாடல்லயும் லேசாத்தான் தெரியணும்.)

ஃபைட்டர் பக்கம்தான் மாறிக்கிட்டே இருந்துச்சு. 1939 கடைசி, 1940 ஆரம்பத்துல 70-அ எடுத்துட்டு 71 கூட 02-ன்னு ஒரு பச்சை கலந்த சாம்பலச் சேத்தாங்க, பக்கவாட்ட 65 நீலத்துலயே விட்டாங்க. பிரிட்டன் வான்போர்ல பாத்தீங்கன்னா இந்த நீலப் பக்கம் தூரத்துல இருந்தே தெரியுதுன்னு யூனிட்ல இருந்தவங்களே அதுமேல புள்ளி அடிச்சுக்கிட்டாங்க, 1940 ஆகஸ்ட், செப்டம்பர்ல மூக்குல மஞ்சளும் வந்துச்சு. 1941-ல 74, 75, 76 வந்தது, அந்த வருஷ நவம்பர்ல வந்த அதிகாரபூர்வ கையேட்டுலயும் அதுதான் இருக்கு: 74 பச்சை கலந்த அடர் சாம்பல், 75 ஊதா சாயல் இருக்குற சாம்பல், 76 சாம்பல் கலந்த வெளிர் நீலம். நம்ம ஜி-6-க்கு இந்த மூணுதான். வட ஆப்பிரிக்காவுக்கு மேல 79 மணல், கீழ 78 நீலம். இரவு ஃபைட்டர் ஆரம்பத்துல முழுக்கக் கருப்பு, அப்புறம் 76 மேல சாம்பல் புள்ளி.

1944 பாதிக்கு மேல 81, 82-ன்னு பழுப்பும் பச்சையும் வருது, அங்க போகாதீங்க, முதல் மாடலுக்கு வேணாம். 81-ஐ ஒரு ஃபேக்டரி பழுப்பா அடிச்சிருக்கும், இன்னொரு ஃபேக்டரி ஆலிவ் பச்சையா அடிச்சிருக்கும். 83-ன்னு நாம சொல்லிட்டிருக்குற அடர் பச்சையே 83 இல்ல, 83-ங்கறது ஒரு நீலம்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அந்தச் சண்டை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இத முதல் மாடல்லயே தலையில ஏத்திக்கிட்டீங்கன்னா பெயின்ட் டப்பாவயே திறக்க மாட்டீங்க.

விமானத்து மேல எழுதியிருக்குறதப் படிக்கக் கத்துக்கங்க

இத ஏன் டெக்கல் ஒட்டுறதுக்கு முன்னாடியே சொல்றேன்னா, படிக்கத் தெரிஞ்சா டெக்கல எங்க ஒட்டணும்னு படம் பாக்காமலே பாதி தெரிஞ்சுடும், டெக்கல் கம்பெனிக்காரன் தப்பு பண்ணியிருந்தாலும் கண்டுபிடிச்சுடலாம்.

ஃபைட்டர்ல ஒரு பெரிய படைப்பிரிவுக்கு ஜேஜி-ன்னு பேரு, யாக்ட்கெஷ்வாடர். அதுக்குள்ள க்ரூப்பே, ஒவ்வொரு க்ரூப்பேக்கும் மூணு ஸ்டாஃபல். 1, 2, 3 முதல் க்ரூப்பே, 4, 5, 6 ரெண்டாவது, 7, 8, 9 மூணாவது. விமானத்தோட நம்பர் என்ன கலர்ல இருக்குங்கறது ஸ்டாஃபலச் சொல்லும்: ஒவ்வொரு க்ரூப்பேயிலயும் முதல் ஸ்டாஃபல் வெள்ளை, ரெண்டாவது சிவப்பு இல்லன்னா கருப்பு, மூணாவது மஞ்சள். பின்னாடி நாலாவது ஸ்டாஃபல் சேத்தப்போ அதுக்குப் பெரும்பாலும் நீலம். சிலுவைக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லன்னா முதல் க்ரூப்பே, படுக்கைக் கோடு இருந்தா ரெண்டாவது, நிக்கிற கோடோ அலை மாதிரி கோடோ இருந்தா மூணாவது. நம்பருக்குப் பதிலா ஈட்டி முனை மாதிரி அடையாளம் இருந்தா அது தலைமைப் பிரிவு விமானம், ரெட்டை முனைன்னா க்ரூப்பே கமாண்டர்.

ஜெர்மன் ஃபைட்டர் பைலட் மார்சேயோட "மஞ்சள் 14" எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஜேஜி 27, மூணாவது ஸ்டாஃபல், அதனால மஞ்சள், முதல் க்ரூப்பே, அதனால சிலுவைக்குப் பின்னாடி கோடு கிடையாது. ஆப்பிரிக்காவுல பறந்ததால 79/78 கலரும், மத்தியதரைக் கடல் முனையோட வெள்ளைப் பட்டியும். அவ்வளவுதான், மொத்த ஸ்கீமும் வந்துடுச்சு. 1942 செப்டம்பர் 30-ல அவரு செத்துட்டாரு, அதனால 1943-ன்னு போட்டு யாராவது "மார்சே விமானம்" வித்தா வாங்காதீங்க.

முனைக்கு முனை பட்டி மாறும். ரஷ்யப் பக்கம்னா உடம்பச் சுத்தி மஞ்சள் பட்டி, இறக்கை நுனிக்கு அடியிலயும் மஞ்சள். மத்தியதரைக் கடல் பக்கம் வெள்ளை. போர் முடியுற சமயத்துல ஜெர்மனிக்கு மேலயே சண்ட போட்டப்போ படைப்பிரிவுக்கு ஒரு கலர்: ஜேஜி 1 சிவப்பு, ஜேஜி 27 பச்சை, ஜேஜி 2 மஞ்சள் வெள்ளை மஞ்சள், ஜேஜி 301 மஞ்சள் சிவப்பு.

பாம்பருக்கு நம்பர் கிடையாது, நாலெழுத்து. சிலுவைக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. முதல் ரெண்டும் படைப்பிரிவு, "டி6"-ன்னா ஸ்டூக்கா படை எஸ்டிஜி 2, "1எச்"-னா பாம்பர் படை கேஜி 26. மூணாவது எழுத்து அந்தத் தனி விமானம், பெரும்பாலும் இதுக்குத்தான் ஸ்டாஃபல் கலர் அடிப்பாங்க. நாலாவது எழுத்து ஸ்டாஃபல்: எச், கே, எல் முதல் மூணுக்கு, எம், என், பி அடுத்த மூணுக்கு, ஆர், எஸ், டி அதுக்கடுத்த மூணுக்கு. கடைசி எழுத்து கே-ன்னு இருந்து மூணாவது எழுத்து மஞ்சளா டெக்கல்ல வந்திருந்தா அங்க ஒரு தடவை நின்னு ஃபோட்டோ தேடிப் பாருங்க, ஏன்னா கே ரெண்டாவது ஸ்டாஃபல், அங்க சிவப்புதான் வரணும்.

ஃபோட்டோன்னதும் ஒண்ணு. மியூசியத்துல நிக்கிற விமானத்தக் கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க, பல விமானத்துக்குப் பிற்காலத்துல யாரோ திரும்பப் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. பிரிட்டன்ல இருக்குற பிஎஃப் 109 ஜி-2, "கருப்பு 6"-ன்னு பேரு, ஜேஜி 77-ஓட எட்டாவது ஸ்டாஃபல், 1942 நவம்பர்ல லிபியாவுல ஆஸ்திரேலியக்காரங்க கையில கிடைச்சது, 1991-ல திரும்பப் பறக்கவே விட்டாங்க, 1997-ல டக்ஸ்ஃபோர்டுல இறங்கும்போது கவுந்துடுச்சு. பாகம் எங்க எப்படி இருக்கு, எந்த எழுத்து எங்க வருதுன்னு பாக்க அது அருமையான விமானம். கலர் ஷேடுக்கு மட்டும் அத வச்சு யார்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க.

பெயின்ட்

ஆர்எல்எம் நம்பரோடயே விக்கிற பெயின்ட் வாங்கிடுங்க, கலந்து பண்றேன்னு இறங்காதீங்க. மிஸ்டர் கலர் கம்பெனியோட லாக்கர்ல (காட்டமான தின்னர்ல கரையுற பெயின்ட்) 74-க்கு 36, 75-க்கு 37, 76-க்கு 117. அதே கம்பெனியோட அக்குவஸ் வகையில எச் 68, எச் 69, எச் 417. இது கூட காக்பிட்டுக்கு 66, சக்கரக் குழிக்கு 02, காத்தாடி இறக்கைக்கு 70, மஞ்சள் 04. வல்லேஹோ, ஏகே மாதிரி கம்பெனிகளும் நம்பர் போட்டுத்தான் விக்கிறாங்க. கம்பெனிக்குக் கம்பெனி 76 கொஞ்சம் மாறும், ஒருத்தர் நீலமாக் காட்டுவாரு, இன்னொருத்தர் சாம்பலா. மூணு கலரையும் ஒரே கம்பெனியில வாங்கினா ஒண்ணுக்கொண்ணு பொருந்திப் போயிடும்.

லாக்கர் அடிக்கிறதா இருந்தா ஜன்னல் திறந்து, ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் போட்ட மாஸ்க் மாட்டிக்கிட்டு அடிங்க, துணி மாஸ்க் எதுக்கும் ஆகாது. ஏசி ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு அடிக்கவே கூடாது, குழந்தைங்க இருக்குற வீட்டுல அக்குவஸ்ஸோ அக்ரிலிக்கோ போயிடுங்க.

அடிக்கிற வரிசை

காக்பிட்ட 66-ல முடிச்சு, உடம்பு இறக்கையெல்லாம் ஒட்டி, காக்பிட் கண்ணாடி மேல பெயின்ட் படாம மாஸ்க் ஒட்டி, சக்கரக் குழிய 02-ல அடிச்சு டிஷ்யூ வச்சு அடச்சுட்டு, சாம்பல் பிரைமர் ஒரு கோட் குடுங்க. பிரைமர்லதான் ஒட்டுன இடத்துல இருக்குற பள்ளம் மேடெல்லாம் தெரியும், தேச்சு சரி பண்ணிடுங்க.

அப்புறம் மஞ்சள். 1943 ஜி-6-ல எஞ்சினுக்கு அடியிலயும் வால் ரட்டர்லயும் மஞ்சள் நிறைய விமானத்துல இருக்கும். மஞ்சளோ வெள்ளையோ சிவப்போ, பளிச்சுன்னு இருக்குற கலர் எல்லாத்தையும் முதல்ல அடிச்சு டேப் போட்டு மூடிட்டு மத்த வேலையப் பாருங்க, கடைசியில சாம்பல் மேல மஞ்சள் அடிச்சா எத்தன கோட் போட்டாலும் அழுக்காத்தான் வரும். மஞ்சளுக்குக் கீழ வெள்ளை ஒரு கோட் குடுத்துடுங்க.

அடுத்து 76, அடியிலயும் பக்கவாட்டு முழுக்கவும். காஞ்சதும் மேல் பக்கம் 75. அது நல்லாக் காஞ்சப்புறம் டேப்ப ஒட்டி 74. வெளிச்ச கலர்ல இருந்து இருட்டு கலருக்குப் போறோம்னு மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்.

இறக்கை மேல 74-க்கும் 75-க்கும் நடுவுல கோடு எவ்வளவு கூர்மையா இருக்கணும்ங்கறதுல புதுசா வர்றவங்க ரொம்பக் குழம்புவாங்க. நிஜத்துல அது ஸ்ப்ரே கன்னால அடிச்சது, ஓரம் லேசாக் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கல் 5 செ.மீ. இருந்துச்சுன்னு வச்சுக்கங்க, 1/48-ல அது 1 மி.மீ., 1/72-ல முக்கால் மி.மீ. கூட இல்ல. ஆக டேப்ப அழுத்தி ஒட்டி அடிச்ச கூர்மையான கோடு ஒண்ணும் பெரிய தப்பில்ல, கையால சும்மா தூவி அரை செ.மீ. பஞ்சு மாதிரி வந்துடுச்சுன்னாத்தான் பொம்மையாத் தெரியும். நடுவாந்தரமா வேணும்னா ப்ளூ டாக்க (சுவத்துல போஸ்டர் ஒட்டுற களிமண் மாதிரி பசை) மெல்லிசா உருட்டி, கோடு வர்ற இடத்துல வச்சு, நேர் மேல இருந்து அடிங்க, ஓரம் அளவாக் கலங்கி வரும்.

புள்ளி கேமோ, இங்கதான் நேரம் செலவழிக்கணும்

பக்கவாட்டுல 76 மேல 74, 75, சில விமானத்துல 02-வும் சேத்து புள்ளி புள்ளியா அடிச்சிருப்பாங்க, மாட்டில்னு சொல்லுவோம். இதுக்கு ரூல் கிடையாது, ஃபேக்டரிக்கு ஃபேக்டரி, ஆளுக்கு ஆள் மாறும், அதனாலதான் உங்க விமானத்தோட ஃபோட்டோ ஒண்ணு கிடைச்சா கலர் சார்ட்ட விட அதத்தான் நம்பணும்னு சொல்றது. சார்ட் வரைஞ்சவரும் அந்த ஃபோட்டோவத்தான் பாத்து வரைஞ்சிருப்பாரு, ஃபோட்டோவுல தெரியாத அந்தப் பக்கத்த அவரா ஊகிச்சிருப்பாரு.

ஏர்பிரஷ் (காத்தால பெயின்ட் தெளிக்கிற பேனா மாதிரி கருவி) இருந்தா டபுள் ஆக்‌ஷன், 0.3 நாசில் போதும். பெயின்ட்ட நார்மலா அடிக்கிறத விட இன்னும் தண்ணியாக் கரைங்க, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ரெண்டு பங்கு தின்னர், சில சமயம் மூணு பங்கு. பிரஷர 10-ல இருந்து 15 பிஎஸ்ஐ-க்கு இறக்குங்க. நாசில் மேல இருக்குற மூடியக் கழட்டிட்டு, மாடலுக்கு 1 செ.மீ., 2 செ.மீ. பக்கத்துல கொண்டுபோய், முதல்ல காத்த மட்டும் விட்டு, அப்புறம் ட்ரிக்கர நூலிழை பின்னால இழுத்து, சின்னதா ஒரு வட்டம் சுத்தி விட்டுடுங்க. ஒரே தடவையில புள்ளி அடர்த்தியாத் தெரியணும்னு நினைச்சா பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி நாலா பக்கமும் ஓடிடும். மங்கலா அடிங்க, அதுமேலயே ரெண்டாவது மூணாவது தடவ போங்க. மாடல்ல அடிக்கறதுக்கு முன்னாடி வேஸ்ட் பிளாஸ்டிக்ல, பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடியில அடிச்சுப் பாத்துக்கங்க, பெயின்ட் கரைச்சல் சரியா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சுடும்.

புள்ளியோட அளவு முக்கியம். நிஜத்துல 30 செ.மீ. இருக்குற புள்ளி 1/48-ல 6 மி.மீ. வரும், 1/72-ல 4 மி.மீ. நிறையப் பேரு இத ஒரு ரூபாய் காசு சைஸுக்கு அடிச்சுடறாங்க, சிறுத்தைத் தோல் மாதிரி ஆகிடுது. முதல்ல 75-ல பரவலா, அப்புறம் 74-ல அதுக்கு நடுவுல கம்மியா, கடைசியா 02-வ அங்கங்க. ரொம்ப அதிகமாப் போயிடுச்சுன்னா கவலைப்படாதீங்க, 76-அ நல்லாத் தண்ணியாக் கரைச்சு மொத்தப் பக்கவாட்டுலயும் ஒரு மெல்லிய கோட் தூவினா எல்லாம் அடங்கி ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும், நல்லா அடிக்கத் தெரிஞ்சவங்களும் இதத்தான் பண்றாங்க.

ஏர்பிரஷ் இல்லையா, விட்டுடாதீங்க. பாகம் பொதிஞ்சு வர்ற ஃபோம் ஸ்பாஞ்சக் கிள்ளி, பெயின்ட்ல தொட்டு, முக்கால்வாசிய டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு லேசாத் தட்டுங்க. இன்னும் நல்லது, இதுக்குப் பொருந்துற விமானமாவே பாத்து எடுத்துக்கங்க: 1940-ல ஜேஜி 2-ல பக்கவாட்டுல ஒத்தி ஒத்திப் போட்ட மாதிரி பொடிப் புள்ளிதான் இருந்துச்சு, ஜேஜி 54-ல தூரிகையால வலை மாதிரி குறுக்கும் நெடுக்கும் இழுத்திருந்தாங்க. அதெல்லாம் கையாலயே அடிக்கலாம், ஏர்பிரஷ் வச்சிருக்கறவங்களுக்குத்தான் அது கஷ்டம்.

டெக்கலுக்கு முன்னாடி பளபளப்பு

மேட் பெயின்ட் மேல நேரா டெக்கல் ஒட்டினா அடியில காத்து சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும், சில்வரிங்ன்னு பேரு, ஒட்டினதுக்கு அப்புறம் அத முழுசாப் போக்கவே முடியாது. அதனால டமியா எக்ஸ்-22 மாதிரி ஒரு கிளியர் கிளாஸ், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, ஒரே கனமான கோட்டா இல்லாம மெல்லிசா ரெண்டு மூணு கோட், ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. மழை நாள்ல லாக்கர் கிளியர் அடிக்காதீங்க, நம்ம கடலோர ஊர்ல ஐப்பசி கார்த்திகையில காத்துல இருக்குற ஈரத்துக்குக் கிளியர் பால் பூத்த மாதிரி வெளுத்துடும். காஞ்ச நாள் வர்ற வரைக்கும் பொறுங்க.

டெக்கல் ஒட்டுறது

சின்னப் பாத்திரத்துல வெதுவெதுப்பான தண்ணி, ஆர்ஓ தண்ணியா இருக்கட்டும், போர்வெல் தண்ணின்னா காஞ்சப்புறம் உப்புத் திட்டு நிக்கும். இடுக்கி, பழைய மெல்லிய தூரிகை, புது பிளேடு, டிஷ்யூ, அப்புறம் ரெண்டு பாட்டில்: மைக்ரோ செட், மைக்ரோ சால். முதல்ல சொன்னது டெக்கலுக்கு அடியில போடறது, ரெண்டாவது டெக்கலுக்கு மேல. மிஸ்டர் மார்க் செட்டர், மார்க் சாஃப்டர் ஜோடியும் இதே வேலையச் செய்யும், சாஃப்டர் கொஞ்சம் காட்டமா இருக்கும்.

எடுத்ததுமே உங்க விமானத்து நம்பர ஒட்டாதீங்க. ஷீட்ல உங்களுக்கு வேண்டாத ஏதோ ஒரு நம்பர வெட்டி, ஒரு பிளாஸ்டிக் துண்டு மேல மொத்த வேலையும் பண்ணிப் பாருங்க. தண்ணியில எவ்வளவு நேரத்துல கழண்டு வருது, தடிமனா மெல்லிசா, சாஃப்டர் பட்டா கரையுதான்னு எல்லாம் அங்க தெரிஞ்சுடும். இத்தாலியில கார்ட்டோகிராஃப் அச்சடிக்கிற டெக்கல் முதல் தடவ ஒட்டறவங்களுக்கு ரொம்ப சௌகரியம், பிரிண்ட் ஸ்கேல் மாதிரி மெல்லிசுல மடங்கிக்கிட்டா பிரிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். டமியா கிட்ல வர்றது தடிமன், அதுக்குக் காட்டமான சாஃப்டர்தான் சரி.

வேண்டியத மட்டும் வெட்டுங்க, மை இருக்குற இடத்துக்கு ஒட்டி வெட்டினா ஓரத்துல இருக்குற கேரியர் ஃபிலிம் கம்மியாகும். தண்ணியில 15, 20 விநாடி முக்கி எடுத்து டிஷ்யூ மேல வச்சுடுங்க, தாளோட அப்படியே ஊற விட்டீங்கன்னா பசை எல்லாம் கரைஞ்சு போயிடும். ஒரு நிமிஷத்துல விரலால தொட்டா நகரும். மாடல்ல அந்த இடத்துல செட் தடவி, தாளப் பக்கத்துல வச்சு டெக்கல தூரிகையால மெதுவா நகத்தி இறக்குங்க. தூக்கிப் போடாதீங்க, நகத்துங்க. இடம் சரியானதும் ஈரத்த டிஷ்யூ நுனியால நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒத்தி எடுங்க. அப்புறம் மேல சால் ஒரு கை.

சால் போட்டதும் டெக்கல் சுருங்கி அலை அலையா எழும்பும். இங்கதான் எல்லாரும் பதறிப்போய் விரல வச்சுக் கெடுக்கறது. தொடவே தொடாதீங்க, எந்திரிச்சுப் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, தானா இறங்கி பேனல் கோட்டுக்குள்ள (விமானத் தகடு சேர்ற இடத்துக் கோடு) உக்காந்துடும். உக்காரலன்னா, காஞ்சப்புறம் கோட்டு மேல பிளேடால லேசாக் கீறி திரும்ப சால் விடுங்க. காத்துக் குமிழி இருந்தா ஊசி நுனியால குத்தி அதே வைத்தியம்.

எதுல ஆரம்பிக்கறது? என் கணக்கு, அடி இறக்கைச் சிலுவை. தப்பாப் போனாலும் யாரும் மாடலத் திருப்பிப் பாக்கப் போறதில்ல. அப்புறம் மேல் இறக்கை, உடம்பு, கடைசியா நம்பர். சிலுவையும் காலத்துக்குக் காலம் மாறுது, 1940-ல கருப்புச் சிலுவை அகலமான வெள்ளை ஓரத்தோட, 1943-ல இருந்து மேல் இறக்கையில வெறும் வெள்ளைக் கோட்டு உருவம் மட்டும் நிறைய வரும், நடுவுல கேமோ கலரே தெரியும். அந்த மாதிரி வெறும் கோட்டுல நடுவுல பெரிய ஃபிலிம் இருக்கும், அங்கதான் சில்வரிங் காட்டிக்குடுக்கும், அதனால கிளாஸ் கோட்ட அந்த இடத்துல இன்னொரு தடவ பாத்துக்கங்க. மஞ்சள் நம்பர் டெக்கல் மெல்லிசா இருந்தா கீழ இருக்குற புள்ளி ஊடுருவித் தெரியும், ஷீட்ல ரெண்டு இருந்தா ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிடலாம், இல்லன்னா புள்ளி அடிக்கும்போதே அந்த இடத்த வெளிச்சமா விட்டுடணும்.

எடுவார்ட் இப்ப குடுக்குற டெக்கல்ல ஒட்டிக் காஞ்சப்புறம் மேல இருக்குற ஃபிலிம உரிச்சுட முடியும், கீழ மை மட்டும் பெயின்ட் மாதிரி நிக்கும். பாக்க அசத்தலா இருக்கும். ஆனா முதல் தடவ உரிக்காம சாதாரண டெக்கலாவே ஒட்டிக்கங்க, அப்படியும் நல்லாத்தான் வரும்.

பொடி எழுத்துகள, ஸ்டென்சில்னு சொல்றது, எல்லாத்தையும் ஒட்டணும்னு கட்டாயம் இல்ல. ஒட்டறதா இருந்தா எரிபொருள் ஊத்துற இடத்துல வர்ற மஞ்சள் முக்கோணத்த விட்டுடாதீங்க, அதுல 87-ன்னு போட்டிருந்தா பி4 எரிபொருள், சி3-ன்னா உயர் ஆக்டேன். இறக்கை மேல நடக்கக் கூடாத இடத்தக் காட்டுற நீளக் கோடு ஒண்ணு வரும், அத முழுசா ஒரே துண்டா ஒட்டப் பாக்காதீங்க, சுருண்டுக்கும், மூணு நாலு துண்டா வெட்டி ஒட்டினா முடிஞ்சது.

பழைய கிட்ல டெக்கல் மஞ்சளடிச்சிருந்தா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெயில் படுற ஜன்னல்ல கொஞ்ச நாள் ஒட்டி வைங்க, வெளுத்துடும். தண்ணியில போட்டதும் சில்லு சில்லா உடையுதுன்னா மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கல் ஃபிலிம் ஒரு கோட் தடவிக் காயவச்சுட்டு வெட்டுங்க.

வால்ல இருக்குற ஸ்வஸ்திகா

நிறையப் பேருக்கு ஷீட்ல இது இல்லாமலேயே வரும், இல்லன்னா ரெண்டா நாலா உடைச்சுப் போட்டிருப்பான். ஜெர்மனியில குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவுப்படி இத வெளிக்காட்டறது குற்றம், ஆராய்ச்சி, கலை மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு. அந்த மார்க்கெட்டுக்காகத்தான் கம்பெனிங்க எடுத்துடறாங்க, டப்பா படத்துலயும் வால் காலியா இருக்கும். நம்ம ஊர்ல பூஜை ரூம்ல பாத்துப் பழகின வடிவம்ங்கறதால பல பேரு இத சாதாரணமா எடுத்துக்கறாங்க, அப்படி எடுத்துக்காதீங்க, கெர்னிகாவுலயும் ராட்டர்டாமுலயும் கவன்ட்ரியிலயும் குண்டு போட்ட படையோட அடையாளம் அது. என் கருத்து, சரித்திரப்படி மாடல் பண்றோம்னா அது இருந்த இடத்துல இருக்கட்டும், அத மறச்சுட்டா விமானம் யாரோடதுங்கறதே மறைஞ்சுடும். ஆனா ஃபோட்டோ போடும்போது வெளிநாட்டுல யாரு பாப்பாங்க, அங்க சட்டம் என்னன்னு யோசிங்க. ஒட்ட வேணாம்னு தோணுச்சுன்னா ஒட்டாதீங்க, யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.

ஒட்டறவங்களுக்கு: மூலையில நிக்கிற மாதிரி 45 டிகிரி சாஞ்சிருக்கும், வாலோட ரெண்டு பக்கமும் ஒரே திசையில திரும்பும், கண்ணாடி பிம்பமா இல்ல. 1938 வரைக்கும் சிவப்புப் பட்டியில வெள்ளை வட்டத்துக்குள்ள இருந்துச்சு. 1939 பிஎஃப் 109-ல அது வாலும் ரட்டரும் சேர்ற கோட்டு மேல குறுக்கா உக்காந்திருக்கும், அப்புறம் வந்த வருஷங்கள்ல முன்பக்கம் நகர்ந்துடுச்சு.

ஒட்டினதுக்கு அப்புறம்

ஒரு நாள் காயவிட்டு, ஈரப் பஞ்சால பசைக் கறையத் துடைச்சுட்டு, இன்னொரு கிளாஸ் கோட். டெக்கல் சீல் ஆனப்புறம்தான் பேனல் கோட்டுல வாஷ் (தண்ணியாக் கரைச்ச பெயின்ட்) விடணும், டமியா பேனல் லைன் அக்சென்ட் மாதிரி எனாமல் வாஷ் போதும், 76 பக்கம் கருப்பு விடாதீங்க, சாம்பலோ பழுப்போ விடுங்க, இல்லன்னா டைல்ஸ் போட்ட தரையா ஆகிடும். கடைசியா மேட் கிளியர், இதோட டெக்கல் ஓரமெல்லாம் மறைஞ்சு பெயின்ட்டோட பெயின்ட்டாகிடும்.

பெயின்ட் உதிர்ந்த மாதிரி வெள்ளிக் கீறல் வேணும்னா இடது இறக்கை உடம்போட சேர்ற இடத்துல அதிகமா வைங்க, பிஎஃப் 109-ல கண்ணாடி வலது பக்கம் திறக்கும், பைலட் இடது பக்கமாத்தான் ஏறுவாரு. வலது பக்கம் மெக்கானிக் மட்டும் மிதிச்ச அளவுக்கு. எஞ்சின் புகைப்போக்கிக்குப் பின்னாடி பழுப்புக் கருப்புப் புகைக் கறை, நல்லாத் தண்ணியாக் கரைச்சு பின்பக்கமா இழுங்க.

ரஷ்யக் குளிர்கால விமானம்னா மேல வெள்ளைப் பூச்சு வரும். அது யூனிட்லயே தற்காலிகமா, பின்னாடி கழுவி எடுக்குற மாதிரி பூசினது, சிலுவையையும் நம்பரையும் சுத்திவிட்டுத்தான் பூசியிருப்பாங்க, அதனால டெக்கலெல்லாம் ஒட்டி சீல் பண்ணினதுக்கு அப்புறம் ஹேர்ஸ்ப்ரே ஒரு கோட் அடிச்சு, அதுமேல அக்ரிலிக் வெள்ளை அடிச்சு, ஈரத் தூரிகையால தேச்சு அங்கங்க எடுங்க. லாக்கர் வெள்ளை போட்டா தண்ணிக்குக் கழண்டு வராது.

மிச்ச டெக்கல் ஷீட்டத் தூக்கிப் போடாதீங்க, ஜிப் கவர்ல சிலிகா ஜெல் பாக்கெட்டோட போட்டு, மேல ஸ்கேலும் விமானப் பேரும் எழுதி வைங்க. அடுத்த 109-க்கு ஸ்டென்சிலும் சிலுவையும் அதுலயே கிடைச்சுடும், நம்பர் மட்டும் தனியா எக்ஸ்ட்ராடெக்கல், டெக்மோட் மாதிரி ஷீட்ல பாத்துக்கலாம்.